எல்கே-99: கட்டிக்குள் இருந்த கந்தகம்

2023ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் தென்கொரிய ஆய்வாளர் சிலர், ஆய்வுக் கட்டுரைகளைச் சரிபார்ப்புக்கு முன்பே வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் இரண்டு வரைவுகளை வெளியிட்டனர். ஈயம், செம்பு, பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்களைக் கலந்து சுட்டெடுத்த எல்கே-99 என்ற கருஞ்சாம்பல் நிறக் கட்டி ஒன்று, சாதாரண காற்றழுத்தத்திலேயே, 127 டிகிரி செல்சியஸ் வரை, மின்தடை சிறிதும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும், அதாவது அது ஒரு மீக்கடத்தி என்பது அவற்றின் சாரம். மூன்று வாரத்துக்குள் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அந்தக் கட்டியைத் தாமே சுட்டுப் பார்த்து, அது மீக்கடத்தி அன்று என்ற முடிவுக்கு வந்துவிட்டன. அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது, எந்த அளவீடு எதை மெய்ப்பித்தது, எது வெறும் ஆரவாரம் என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இந்த நிகழ்வு ஆய்வின் நோக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளையில் கூடும் எங்கள் அறிவியல் வாசிப்பு வட்டம் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆறாம் படிவ மாணவர்கள், தோட்டத்து ரப்பர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், மின்பணி செய்யும் சார்ஜ்மேன் ஒருவர் என்று கலவையாக அமைந்த வட்டம் இது. கட்டி காந்தத்தின் மேல் சாய்ந்து நிற்கும் காணொளி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றத் தொடங்கியதும், இது உண்மையா என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல் விடையில் பயனில்லை என்று கருதி, கட்டுரைகளையே எடுத்து வைத்துக்கொண்டு படித்தோம்.

கூற்றின் பின்னணி

மீக்கடத்தியில் மின்தடை பூச்சியம் என்பது ‘மிகக் குறைவு’ என்பதை மிகைப்படுத்திச் சொல்வதன்று. அது உண்மையாகவே பூச்சியம். 1911இல் ஹைக்கே கமர்லிங் ஓன்னஸ், நெதர்லாந்தின் லைடன் நகரில், பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தபோது இதை முதன்முதலில் கண்டார். 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் இரண்டாம் அடையாளத்தைக் கண்டனர்: மீக்கடத்தி தன் உட்புறத்திலிருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். இவ்விரண்டும் ஒரே பொருளில், ஒரே வெப்பநிலையில் சேர்ந்து தென்பட்டால்தான் அதை மீக்கடத்தி என்று ஏற்க முடியும். இவற்றில் ஒன்றை ஒத்த தோற்றத்தை மட்டும் காட்டக்கூடிய சாதாரணப் பொருள்கள் பல இருப்பதால், இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டுதான் எல்கே-99இன் கதையைப் படிக்க வேண்டும்.

அதன் பிறகு, மீக்கடத்துத்திறன் தென்படும் உச்ச வெப்பநிலை ஏறிய விதம் சீரானதன்று. எழுபத்தைந்து ஆண்டுகள் அது 25 கெல்வினைத் தாண்டவே இல்லை. 1986இல் பெட்நோர்ட்ஸ், முல்லர் ஆகிய இருவரும் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிக் ஆய்வுக்கூடத்தில், செம்பு ஆக்சைடு கலந்த பீங்கான் போன்ற ஒரு பொருளில் 30 கெல்வினைத் தாண்டி மீக்கடத்துத்திறனைக் கண்டனர்; மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். 1987இல் இட்ரியம், பேரியம், செம்பு ஆக்சைடு சேர்ந்த பொருள் 93 கெல்வினை எட்டியது. நீர்ம நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதால், விலையுயர்ந்த ஹீலியம் இல்லாமலே மீக்கடத்தியைப் பயன்படுத்த வழி பிறந்தது. 1993இல் பாதரசம் கலந்த செம்பு ஆக்சைடு 133 கெல்வினைத் தொட்டது. சாதாரண அழுத்தத்தில் அதற்கு மேல் போக முடியாமல் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்த வேளையில்தான் கொரிய அறிவிப்பு வந்தது.

அழுத்தத்தைக் கூட்டினால் கதை வேறு. ஹைட்ரஜன் செறிந்த பொருள்களை வைர முனைகளுக்கு இடையே நசுக்கி, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழுவினர் 2015இல் ஹைட்ரஜன் சல்பைடில் 203 கெல்வினையும், 2019இல் லாந்தனம் ஹைட்ரைடில் 250 கெல்வினையும் எட்டினர். பின்னதற்குத் தேவைப்பட்ட அழுத்தம் ஏறக்குறைய 170 கிகாபாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் பதினாறு இலட்சம் மடங்குக்கும் மேல். இந்த வழியில் 2020இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரங்கா டயஸ் குழு, 15 டிகிரி செல்சியசில் மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அதை ‘அறை வெப்பநிலை’ என்று உலகம் கொண்டாடியது. கேமரன் மலையில் இரவில் சன்னலைத் திறந்து வைத்த அறைக்கு அது பொருந்தும். சுங்கை சிப்புட்டின் எந்த அறைக்கும் பொருந்தாது. எப்படியாயினும், தரவுகள் கையாளப்பட்ட முறையில் எழுந்த ஐயத்தால் 2022இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே குழு 2023 மார்ச்சில் லுட்டீசியம் ஹைட்ரைடு பற்றி எழுதிய மற்றொரு கட்டுரைக்கும் அந்த ஆண்டு நவம்பரில் அதே முடிவுதான் ஏற்பட்டது. ஆகவே, எல்கே-99 வந்தபோது இத்துறையினரிடம் ஆவலும் கசப்பும் ஒருசேர இருந்தன.

கொரியக் கட்டி

பொருளின் பெயரிலுள்ள எல், கே என்ற எழுத்துகள் லீ, கிம் என்ற இரு ஆய்வாளர்களையும், 99 என்ற எண் அவர்கள் அதை முதன்முதலில் செய்ததாகக் கூறும் 1999ஆம் ஆண்டையும் குறிக்கின்றன. சுக்-பே லீ, ஜி-ஹூன் கிம் ஆகிய இருவரும் சோல் நகரில் இயங்கும் குவாண்டம் எனர்ஜி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள். முதல் வரைவில் இவர்களோடு யங்-வான் குவான் பெயரும் சேர்ந்து மூவர் பெயர் இருந்தது. சில மணி நேரத்தில் வந்த இரண்டாம் வரைவில் அறுவர் பெயர் இருந்தது. குவான் பெயர் இல்லை. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பதை வைத்துப் பலர் பலவாறு பேசினர். அந்தப் பேச்சு கட்டியின் தன்மையைப் பற்றி எதையும் சொல்லாது என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

செய்முறைதான் இந்த நிகழ்வின் உயிர்நாடி. ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் சம அளவில் கலந்து 725 டிகிரி செல்சியசில் ஒரு நாள் சுட்டால் லானர்கைட் என்ற ஈயச் சேர்மம் கிடைக்கும். செம்புத் தூளையும் பாஸ்பரசையும் 550 டிகிரியில் இரண்டு நாள் சுட்டால் செம்பு பாஸ்பைடு கிடைக்கும். இவ்விரண்டையும் அரைத்துக் கலந்து, காற்று நீக்கிய குழாயில் அடைத்து, 925 டிகிரியில் ஐந்து முதல் இருபது மணி நேரம் வைத்தால் எல்கே-99. வைர முனையும் வேண்டாம், நீர்ம ஹீலியமும் வேண்டாம். ஓர் உலையும் நல்ல குழாயும் இருந்தால் போதும். செய்முறை இத்தனை எளிதாக இருந்ததால்தான் சரிபார்ப்பும் இத்தனை விரைவாக நடந்தது. வைர முனைகளுக்கு இடையே கிடக்கும் துகளை ஒரு சில குழுக்களே சோதிக்க முடியும் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் கொடுத்த விளக்கம் இது: ஈய அபடைட் என்ற படிகத்தில் சில ஈய அணுக்களின் இடத்தைச் செம்பு அணுக்கள் பிடிக்கின்றன, செம்பு சிறியது, அதனால் படிகத்தின் கனஅளவு 0.48 விழுக்காடு சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே வெளியிலிருந்து வர வேண்டிய அழுத்தத்தின் வேலையை உள்ளேயே செய்துவிடுகிறது. சான்றாக இரண்டைக் காட்டினர். ஒன்று, ஏறத்தாழ 105 டிகிரி செல்சியசில் மின்தடை எண் செங்குத்தாக விழும் வரைபடம். மற்றொன்று, காந்தத்தின் மேல் ஒரு விளிம்பு ஊன்றி மறுவிளிம்பு தூக்கி நிற்கும் கட்டியின் காணொளி.

மின்தடை விழுந்தது ஏன்

எங்கள் வட்டத்தில் இந்த வரைபடத்தை முதலில் ஐயுற்றவர் சார்ஜ்மேன். மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்து அளந்தால் கம்பியின் தடையும் தொடுமிடத்தின் தடையும் சேர்ந்துதானே வரும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதனால்தான் மீக்கடத்தி ஆய்வில் நான்கு முனைகள் வைக்கப்படுகின்றன: வெளியே உள்ள இரண்டின் வழியே மின்னோட்டம் செல்லும், உள்ளே உள்ள இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும். ஆனால் அந்த முறையிலும் அளவுகோல் பெரிதாக இருந்தால், சாதாரணச் செம்பின் மின்தடைகூட வரைபடத்தில் பூச்சியக் கோட்டோடு ஒட்டித்தான் தெரியும். கருவியின் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பதும் பூச்சியமாகிவிட்டது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். பின்னர் நான்ஜிங் நகரில் ஒரு குழு 110 கெல்வினில் ‘பூச்சியத் தடை’ கண்டதாக அறிவித்தபோதும் இதே குறைதான் சுட்டப்பட்டது.

ஆனால் நிகழ்வை முடித்துவைத்த கேள்வி வேறு. எங்கள் கூட்டத்தில் அதை எழுப்பியவர், ரப்பர் ஆலையின் சோதனைக்கூடத்தில் நெடுங்காலம் இருந்த பெரியவர். “வாத்தியாரே, மின்சாரத்தை அப்புறம் பார்ப்போம். அந்தக் கட்டியில என்னென்ன கெடந்துச்சுன்னு மொதல்ல யாராச்சும் பார்த்தாங்களா?” என்றார். அவருடைய தொழிலில் அது இயல்பான கேள்வி. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் ஆலைக்கு வந்தால் பட்டை, மண், மணல் எவ்வளவு என்பதை அளந்த பிறகே தரம் பேசப்படும். மலேசிய ரப்பருக்குரிய எஸ்எம்ஆர் 20 என்ற தரப் பெயரிலுள்ள எண்ணே அழுக்கின் உச்ச அளவு 0.20 விழுக்காடு என்பதிலிருந்து வந்தது. அந்த வரம்பு பிறகு 0.16ஆகக் குறுகியது. அழுக்கை அளக்காமல் ரப்பரின் குணத்தைப் பற்றிப் பேசினால் சோதனைக்கூடத்தில் நிற்க விடமாட்டார்கள்.

அவருடைய கேள்விக்கு விடை செய்முறையிலேயே இருந்தது. மாணவர்கள் சமன்பாட்டைப் பலகையில் எழுதினார்கள். லானர்கைட் ஐந்து பங்கும் செம்பு பாஸ்பைடு ஆறு பங்கும் சேர்ந்தால், விரும்பிய அபடைட் ஒரு பங்கு கிடைக்கிறது. செம்பு பாஸ்பைடு வழியாக உள்ளே சென்ற செம்பு அணுக்கள் பதினெட்டு. அவற்றில் படிகத்துக்குள் இடம் பிடிப்பது ஒன்றே ஒன்று. மீதிப் பதினேழும் எங்கே போகும்? லானர்கைட்டிலிருந்து வெளிவரும் ஐந்து கந்தக அணுக்களோடு பத்து சேர்ந்து குப்ரஸ் சல்பைடாகும். ஏழு தனிச் செம்பாக நிற்கும். ஓர் ஈய அணுவும் எஞ்சும். அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், முழுக் கலவையின் எடையில் குப்ரஸ் சல்பைடு மட்டும் நூற்றுக்கு இருபது பங்கு. பெரியவர் இருபது என்ற எண்ணைக் கேட்டதும் சிரித்துவிட்டார்: எஸ்எம்ஆர் 20 அனுமதித்த அழுக்கைப் போல் நூறு மடங்கு.

இதே சமன்பாட்டுக் கணக்கை முன்வைத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின். அவர் மீக்கடத்தித் துறையினர் அல்லர். செம்பு சல்பைடு போன்ற பொருள்களில் வேலை செய்தவர். கொரிய வரைவில் மின்தடை விழும் வெப்பநிலையாக 104.8 டிகிரி செல்சியஸ் குறிப்பிடப்பட்டிருப்பதைப் பார்த்ததும் அந்த எண் அவருக்கு முன்பே தெரிந்ததாக இருந்தது. குப்ரஸ் சல்பைடு 104 டிகிரி அளவில் ஒரு படிக அமைப்பிலிருந்து வேறோர் அமைப்புக்கு மாறும். காற்றுபட்ட குப்ரஸ் சல்பைடின் மின்தடை எண் அந்த வெப்பநிலைக்குக் கீழே திடீரென்று குறைந்துவிடும். மீக்கடத்தி என்று காட்டப்பட்ட வீழ்ச்சியின் வடிவமும் அதே வடிவம்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கட்டியில் குப்ரஸ் சல்பைடு சிறிதளவு இருப்பதைக் கொரிய ஆசிரியர்களே தங்கள் வரைவில் குறிப்பிட்டிருந்தார்கள் என்பதுதான். எக்ஸ்கதிர் வரைபடத்தில் அது தெரிந்தது, தெரிந்ததை எழுதினார்கள். ஆனால் அந்த அழுக்கு தன் பங்குக்கு என்ன செய்யும் என்று கேட்கவில்லை. எண்ணும் அழுக்கும் ஒரே கட்டுரைக்குள் இருக்க, அவற்றை இணைத்துப் பார்க்க மற்றொரு துறையைச் சேர்ந்த வாசகர் தேவைப்பட்டார்.

ஊகம் மெய்யாக வேண்டுமானால் சோதனை வேண்டும். பெய்ஜிங்கில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தில் ஜியான்லின் லுவோ குழுவினர் அதைத்தான் செய்தனர். குப்ரஸ் சல்பைடு 5 விழுக்காடு உள்ள கட்டி ஒன்றையும் 70 விழுக்காடு உள்ள கட்டி ஒன்றையும் சுட்டு, இரண்டிலும் மின்தடையை அளந்தனர். அழுக்கு மிகுந்த கட்டியில் ஏறத்தாழ 385 கெல்வினில், அதாவது 112 டிகிரி செல்சியசில், மின்தடை எண் பல மடங்கு விழுந்தது. கொரிய வரைபடம் போலவே இருந்தது. அழுக்குக் குறைந்த கட்டியில் மின்தடை குளிரக் குளிர ஏறியது. மேலும், சூடாக்கும்போது மாறும் வெப்பநிலையும் குளிர்விக்கும்போது மாறும் வெப்பநிலையும் ஒன்றாக இல்லை. படிக அமைப்பு மாறும் பொருளில் இப்படி விலகல் இருக்கும். காந்தப்புலம் இல்லாத நிலையில் மீக்கடத்தியாக மாறும் பொருளில் இருக்காது. இந்த ஒரு குறிப்பு போதும், வரைபடம் எதைக் காட்டியது என்று தீர்ப்புச் சொல்ல.

சாய்ந்து நின்ற கட்டி

மக்களை ஈர்த்தது வரைபடமன்று, காணொளிதான். ஆனால் சான்று என்ற வகையில் அது மிக மெலிந்தது. மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும்போது முழுதாக எழும்பும். சில வகைகளில் காந்தப்புலக் கோடுகள் பொருளுக்குள் சிக்கிக்கொள்வதால், தலைகீழாகத் திருப்பினாலும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஒரு விளிம்பு எப்போதும் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது வேறு எதையோ சொல்கிறது.

மிதப்பதற்கு மீக்கடத்தி வேண்டியதே இல்லை என்பதை எங்கள் கூடத்திலேயே காட்ட முடிந்தது. நான்கு நியோடிமியம் காந்தங்களை வடக்கும் தெற்கும் மாறி மாறி வருமாறு சதுரமாக அடுக்கி, இணையக் கடையில் வாங்கிய மெல்லிய பைரோலிட்டிக் கிராபைட் தகட்டை மேலே வைத்தால், அது தானே மிதக்கிறது. சுண்டிவிட்டால் ஆடிவிட்டு நடுவுக்கு வருகிறது. கிராபைட் காந்தப்புலத்தை வலுவில்லாமல் எதிர்க்கும் டயாகாந்தப் பொருள். அதற்கும் மீக்கடத்துத்திறனுக்கும் தொடர்பில்லை. மின்விசிறி முழுவேகத்தில் சுற்றும் முப்பது டிகிரி வெக்கையில் தகடு மிதப்பதைப் பார்த்த பிறகு, காணொளியைப் பற்றிய கேள்விகள் வட்டத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

கட்டி ஏன் சாய்ந்து நின்றது என்பதற்கும் விடை கிடைத்தது. பீக்கிங் பல்கலைக்கழகக் குழு, தான் செய்த துண்டுகளில் இரும்பைப் போன்ற பெர்ரோகாந்தத் தன்மை சிறிதளவு இருப்பதையும், அதுவே ஒழுங்கற்ற வடிவமுள்ள துண்டைச் சாய்த்து நிறுத்தப் போதுமானது என்பதையும் காட்டியது. டெரிக் வான்கென்னெப் என்ற இயற்பியலாளர், அழுத்திய கிராபைட்டில் இரும்புத்தூளை ஒட்டி, கொரியக் காணொளியை அப்படியே ஒத்த காணொளி ஒன்றை எடுத்து வெளியிட்டார்.

கணக்கும் படிகமும்

இதற்கிடையே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் ஷினேய்ட் கிரிஃபின் வெளியிட்ட கணினிக் கணக்கு ஒன்று நெருப்பில் நெய் வார்த்தது. செம்பு குறிப்பிட்ட ஓர் இடத்தில் அமர்ந்தால், எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் தட்டையாகும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தட்டையான பட்டைகள் சில மீக்கடத்திகளில் உண்டு. மீக்கடத்தி அல்லாதவற்றிலும் உண்டு. இது மீக்கடத்தி என்று அவர் எங்கும் எழுதவில்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்லிப் பகிர்ந்தவர்கள் மிகப் பலர். தென்கொரியப் பங்குச் சந்தையில் சில பங்குகளும் அந்த நாள்களில் எகிறின. ஜூலை முடிவதற்குள்ளேயே புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவானா குழுவினர் கட்டியைச் சுட்டுப் பார்த்து, மீக்கடத்துத்திறன் இல்லை என்று அறிவித்திருந்தும், அந்தச் செய்தி எங்கள் புலனக் குழுவுக்குக் காணொளியைவிட மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

இறுதி ஆணியை அடித்தவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் திடநிலை ஆய்வு நிறுவனத்தின் பாஸ்கல் புஃபால் குழுவினர். சுட்ட கட்டி என்பது பல பொருள்களின் கலவை. அதில் எந்தப் பொருள் எந்தக் குணத்துக்குப் பொறுப்பு என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அவர்கள் கந்தகம் உள்ளே வராத முறையில், மிதவை மண்டல உருக்கு முறையைக் கொண்டு, தூய ஒற்றைப் படிகங்களை வளர்த்தனர். கிடைத்தது கருஞ்சாம்பல் கட்டியன்று. ஒளி ஊடுருவும் ஊதா நிறப் படிகம். அதன் மின்தடை பல மில்லியன் ஓம். வழக்கமான கடத்துத்திறன் சோதனையைச் செய்யவே முடியாத அளவு. மீக்கடத்தி என்று பேசப்பட்ட பொருள், அழுக்கு நீங்கியதும் மின்காப்பி ஆகிவிட்டது. தனிப்பட்ட முறையில், இந்த நிகழ்வின் மிக அழகான சோதனை இதுவே என்று கருதுகிறேன். மற்றவை எல்லாம் கட்டியோடு மல்லுக்கட்டின, இது கட்டியையே ஒதுக்கிவிட்டது.

முடிவின் வலிமை எவ்வளவு

ஆகஸ்ட் நடுப்பகுதியில் துறையின் பொதுக் கருத்து உறுதிப்பட்டுவிட்டது. தென்கொரியாவின் மீக்கடத்தி மற்றும் கடுங்குளிரியல் கழகம் அமைத்த சரிபார்ப்புக் குழு, அதே ஆண்டு டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டு, எல்கே-99 அறை வெப்பநிலையில் மீக்கடத்தி என்பதற்குச் சான்று இல்லை என்று கூறியது. மூல மாதிரி அந்தக் குழுவின் கைக்கு வரவில்லை. குழு ஆராய்ந்தது வெளியான வரைவுகளையும், பிறர் சுட்ட கட்டிகளின் அளவீடுகளையும்தான். ஆகவே, மூலக் கட்டியையே அளந்து இல்லை என்று சொல்லவில்லை என ஒருவர் வாதாட இடமுண்டு. எங்கள் மாணவர் ஒருவர் அவ்வாறே வாதாடினார்.

அந்த வாதத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதற்கு எடை குறைவு என்றே கண்டோம். கொரிய வரைவு காட்டிய சான்று இரண்டு. மின்தடை வீழ்ச்சியைக் குப்ரஸ் சல்பைடு மட்டுமே முழுதாக விளக்கிவிடுகிறது. அந்தப் பொருள் மூலக் கட்டியில் இருந்ததென்று ஆசிரியர்களின் வரைவே சொல்கிறது. சாய்ந்து நின்றதைப் பெர்ரோகாந்தமும் டயாகாந்தமும் விளக்கிவிடுகின்றன. மீக்கடத்தி என்ற கருதுகோள் விளக்குவதற்கென்று எஞ்சிய அளவீடு எதுவும் இல்லை.

ரோச்செஸ்டர் நிகழ்வோடு இதை ஒரே கூடையில் போடுவதும் சரியன்று. அங்கே கேள்விக்குள்ளானவை தரவுகள். 2024இல் பல்கலைக்கழக விசாரணை அங்கே ஆய்வு ஒழுங்கீனம் நடந்ததென்றே முடிவு செய்தது. இங்கே தரவுகள் மெய்யானவை: 104.8 டிகிரியில் மின்தடை உண்மையாகவே விழுந்தது, பெய்ஜிங்கிலும் அதை ஒட்டிய வெப்பநிலையில் விழுந்தது. செய்முறையும் ஒளிக்கப்படாமல் முழுமையாக வெளியிடப்பட்டிருந்தது. தவறியது அந்த வீழ்ச்சியைச் செய்தது கட்டியின் எந்தப் பகுதி என்ற கணிப்பு. இந்த வேறுபாடு தெளிவானதும் வட்டம் எல்கே-99ஐ முடித்துவைத்து, லுட்டீசியம் ஹைட்ரைடு கட்டுரையை அடுத்த வாசிப்புக்கு எடுத்துக்கொண்டது.